ஸ்ட்ராடிவாரியஸ் சீட்டு ஒட்டிய பழைய ஜெர்மன் வயலின்: எதற்குக் காசு கொடுக்கலாம்?

வயலினின் மேல் பலகையில் ‘f’ வடிவில் வெட்டிய எஃப் துளைக்குள் டார்ச் அடித்தால், அடிப்பலகையின் உட்புறத்தில் பழுப்பேறிய சீட்டு ஒன்று தெரியும். ‘அந்தோனியுஸ் ஸ்ட்ராடிவாரியுஸ் கிரெமோனென்சிஸ் ஃபாசியேபாட் அன்னோ 1721’ என்று லத்தீனில் அச்சடித்திருக்கும். இத்தாலியின் கிரெமோனா ஊர் வயலின் வினைஞர் அந்தோனியோ ஸ்ட்ராடிவாரி 1721இல் செய்தது என்று அர்த்தம். ஆண்டு மட்டும் வயலினுக்கு வயலின் மாறும். இப்படிச் சீட்டு ஒட்டிய வயலின்கள் உலகம் முழுக்க லட்சக்கணக்கில் கிடக்கின்றன. ஸ்ட்ராடிவாரி தன் வாழ்நாளில் செய்த வாத்தியங்களோ சுமார் 1,100தான் என்று கணக்கிடுகிறார்கள். அதில் இன்று மிஞ்சியிருப்பவை 650 அளவில்.

இங்கே விமர்சனத்துக்கு எடுத்துக்கொண்டிருப்பது அந்த லட்சக்கணக்கான வயலின்களைத்தான். பெரும்பாலானவை 1880க்கும் 1930க்கும் இடையில் செய்யப்பட்டவை. செய்த இடம் ஜெர்மனியின் சாக்சனிப் பகுதியில் உள்ள மார்க்நாய்கிர்ஷன், அல்லது எல்லைக்கு அந்தப் பக்கம் பொஹீமியாவில் இருந்த ஷோன்பாக். ஷோன்பாக்கின் இன்றைய பெயர் லூபி, செக் நாட்டில் இருக்கிறது. சீட்டுக்காக இவற்றை வாங்குகிறவர் ஏமாறுவார். மரத்தையும் வேலைப்பாட்டையும் பழுதையும் பார்த்து வாங்குகிறவருக்கு, அதே விலையில் புதிதாகக் கிடைக்கும் தொழிற்சாலை வயலினைவிட நல்ல வாத்தியம் அமையும். ஆனால் உள்ளே பார்க்கத் தெரிந்திருக்க வேண்டும்.

மார்க்நாய்கிர்ஷனில் வயலின் தொழில் புதிதல்ல. பொஹீமியாவிலிருந்து மத அடக்குமுறைக்குத் தப்பி வந்த புராட்டஸ்டன்ட் கைவினைஞர்கள் 12 பேர் 1677இல் அங்கே வயலின் செய்வோர் சங்கம் அமைத்தார்கள். அப்போது ஸ்ட்ராடிவாரியே கிரெமோனாவில் இளைஞர். 19ஆம் நூற்றாண்டில் இது வீட்டுத் தொழிலாகப் பரவியது. ஒரு வீட்டில் கழுத்தும் சுருள் தலையும் மட்டும் செதுக்குவார்கள், இன்னொரு வீட்டில் உடல் மட்டும், வேறொரு வீட்டில் வார்னிஷ் மட்டும். மொத்த வியாபாரிகள் டஜன் கணக்கில் வாங்கி, இணைத்து, சீட்டு ஒட்டி ஏற்றுமதி செய்தார்கள். வியாபாரம் எவ்வளவு பெரிது என்றால், அந்தச் சிறிய ஊரில் 1893இல் அமெரிக்கா ஒரு தூதரக அலுவலகமே திறந்தது.

ஸ்ட்ராடிவாரி பெயரை ஏன் போட்டார்கள் என்பதற்கும் காரணம் உண்டு. 18ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவின் பெரும்பகுதியில் அதிகம் மதிக்கப்பட்டவர் ஸ்ட்ராடிவாரி இல்லை, ஆஸ்திரியாவின் அப்சாம் ஊரைச் சேர்ந்த யாகோப் ஸ்டைனர். அவருடைய வயலின்கள் வயிறு உப்பியவை, சிறிய அறைக்கு ஏற்ற இனிய நாதம் கொண்டவை. 1782இல் இத்தாலிய வயலின் கலைஞர் வியோட்டி பாரிஸில் ஸ்ட்ராடிவாரி வயலினை வாசித்துப் புகழ் பெற்றார். பின்பு அரங்குகளும் பெரிதாயின, தட்டையான வளைவு கொண்ட ஸ்ட்ராடிவாரி மாதிரிக்கு மவுசு ஏறியது. சாக்சனி வியாபாரிகள் சந்தை கேட்டதைக் கொடுத்தார்கள். ஸ்டைனர் சீட்டு, கிரெமோனாவின் இன்னொரு வயலின் குடும்பமான அமாட்டியின் சீட்டு, ஸ்ட்ராடிவாரி சீட்டு எல்லாம் ஒரே ஊரிலிருந்து வந்தன. அன்று இதை மோசடியாக யாரும் நினைக்கவில்லை. எந்த அச்சில் செய்த வயலின் என்று காட்டும் குறியாகவே சீட்டை ஒட்டினார்கள். அமெரிக்காவில் தபால் பட்டியல் பார்த்துச் சில டாலருக்கு இதை வாங்கியவருக்கும் அது தெரியும். அடுத்த தலைமுறை கைமாறும்போதுதான் ‘தாத்தாவின் ஸ்ட்ராட்’ என்ற கதை சேர்ந்துகொள்கிறது.

சீட்டைப் படிப்பதற்கு இரண்டு நிமிடம் போதும். அதன் அடியில் ‘மேட் இன் ஜெர்மனி’ என்று இருந்தால் விஷயம் முடிந்தது. பிரிட்டன் 1887இல் கொண்டுவந்த வணிகக் குறிச் சட்டத்தால்தான் ஜெர்மன் சரக்கில் அந்த வரி ஏறியது. அமெரிக்கா 1891இலிருந்து இறக்குமதிப் பொருளில் நாட்டின் பெயரைக் கட்டாயமாக்கியது. ‘செக்கோஸ்லோவாக்கியா’ என்று இருந்தால் 1918க்குப் பிந்தியது, ஏனென்றால் அதற்கு முன் அப்படி ஒரு நாடே கிடையாது. நாட்டின் பெயர் இல்லை என்பதால் பழையது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. பெயருள்ள சிறிய தாளைத் தனியாக ஒட்டுவதும் உண்டு, அது உதிர்ந்திருக்கலாம். எழுத்தையும் கவனியுங்கள். ஸ்ட்ராடிவாரி ஏறக்குறைய 1730 வரை தன் பெயரின் நடுவில் லத்தீன் ‘யு’ எழுத்தைத்தான் போட்டார், ‘வி’ அதற்குப் பிறகு வந்தது. ஆகவே ‘வி’ போட்டு 1721 என்று சொல்லும் சீட்டு தன்னையே காட்டிக்கொடுக்கிறது. அசல் சீட்டில் 1700க்குப் பிறகு ஆண்டின் முதல் இலக்கம் மட்டும் அச்சு, மீதி கையெழுத்து. நகல்களில் ‘17’ முழுதும் அச்சாகவே இருப்பது வழக்கம். இவ்வளவும் பொருந்தினாலும் சீட்டு சாட்சியாகாது. சீட்டைப் பெயர்த்து வேறொன்றில் ஒட்ட வெந்நீர் போதும்.

உண்மையான மதிப்பு உள்ளே இருக்கிறது. பல் மருத்துவர் வைத்திருக்கும் சிறிய கண்ணாடி, மெல்லிய எல்இடி விளக்கு, முடிந்தால் போனில் செருகும் எண்டோஸ்கோப் கேமரா, இவை இருந்தால் நல்லது. தந்திகளின் கீழ் முனையைப் பிடிக்கும் டெயில்பீஸைக் கட்டும் அடிப்பொத்தானைக் கழற்றினால் அந்தத் துளை வழியாக உடலின் முழு நீளமும் தெரியும். ஆனால் தந்திகளை முழுக்கத் தளர்த்தினால் உள்ளே மேல் பலகைக்கும் அடிப்பலகைக்கும் இடையில் ஒட்டாமல் நிற்கும் சிறு குச்சியான சவுண்ட் போஸ்ட் விழுந்துவிடலாம் என்பதால், விற்பவர் சம்மதத்தோடு, சரிசெய்யத் தெரிந்தவர் கூடவே இருக்கும்போது மட்டும் இதைச் செய்யுங்கள்.

முதலில் பேஸ் பார். மேல் பலகைக்கு உட்புறம், தடித்த தந்தியின் பக்கம் ஓடும் நீண்ட கட்டை அது. சுமார் 270 மி.மீ. நீளம், 5.5 மி.மீ. அகலம். ஒழுங்கான வயலினில் ஊசியிலை மரமான ஸ்ப்ரூஸின் தனித் துண்டை இழைத்துப் பொருத்தி, விலங்குப் பசையான வஜ்ஜிரத்தால் ஒட்டியிருப்பார்கள். மலிவு வேலையில், மேல் பலகையைக் குடையும்போதே அந்த இடத்தைக் குடையாமல் விட்டுவிடுவார்கள். பலகையின் ரேகை பார் வரை இடைவெளியில்லாமல் ஓடினால் அது செதுக்கிய பார். அதன் தாங்குசக்தி குறைவு. நூறு வருடத்தில் மேல் பலகை அந்தப் பக்கம் அமுங்கியிருக்கும், மந்திர ஸ்தாயி கம்மென்று அடைத்துக்கொண்டு ஒலிக்கும். இதை மாற்றலாம். மேல் பலகையைத் திறந்து, பழையதைச் சீவி, புதிய பார் வைக்க வேண்டும். கூலி வயலினின் விலையைத் தாண்டிவிடும்.

அடுத்து மூலைக் கட்டைகள். பக்கப் பட்டைகள் சந்திக்கும் நான்கு மூலைகளிலும் உள்ளே கட்டை இருக்க வேண்டும். கிரெமோனாவில் உள் அச்சைச் சுற்றிக் கட்டினார்கள், அந்த முறைக்குக் கட்டை இன்றியமையாதது. சாக்சனியில் அச்சு இல்லாமல் நேரடியாக அடிப்பலகை மேலேயே பட்டைகளை நிறுத்தினார்கள், அங்கே கட்டை இல்லாமலும் காரியம் நடந்தது. மலிவு சரக்கில் கட்டையே இருக்காது, அல்லது எஃப் துளை வழியாகத் தெரியும் கீழ் மூலைகளில் மட்டும் பார்வைக்கு ஒரு சில்லு ஒட்டியிருப்பார்கள். மேல் மூலைகளை அடிப்பொத்தான் துளை வழியாகப் பாருங்கள், குட்டு வெளிப்பட்டுவிடும். கழுத்தைத் தாங்கும் மேல் கட்டை இல்லாத வயலின்களும் உண்டு. அவற்றில் கழுத்தின் அடிப்பகுதியே உள்ளே நீண்டு கட்டையாக நிற்கும். கழுத்து சாய்ந்தால் திருத்துவது பெரிய வேலை. அப்படிப்பட்டதை வாங்கவே வேண்டாம்.

உட்பக்கம் உளித்தடம் வரி வரியாகக் கிடந்தால் மேல் பலகையை முடிக்காமல் விட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். நல்ல மேல் பலகை 2.5 முதல் 3 மி.மீ. தடிமன், அடிப்பலகை நடுவில் 4.5 மி.மீ. அளவில் தொடங்கி ஓரத்தில் 2.5 வரை மெலியும். டஜன் வேலையில் மேல் பலகை 4 மி.மீ.க்கும் மேலே நிற்பதைக் காணலாம். நாதம் அடைத்துப்போவதற்கு முதல் காரணம் இதுதான். ‘சீவிக் கொடுத்தால் திறந்துகொள்ளும்’ என்று சிலர் சொல்வார்கள். கவனமாகச் செய்தால் பலன் உண்டு, ஆனால் சீவிய மரம் திரும்பி வராது. தந்திகள் அவற்றைத் தாங்கும் குதிரை வழியாக மேல் பலகையை அழுத்திக்கொண்டே இருக்கும். அளவுக்கு மீறி மெலிந்த பலகை சில வருடத்தில் அமுங்கிவிடும்.

வெளிப்புறத்தில் சுருள் தலையைப் பாருங்கள். பின்பக்கம் ஓடும் இரட்டைக் குழிவு, சுருளைச் சுற்றிக் கீழ்த் தொண்டை வரை தொடர வேண்டும். அவசர வேலையில் பாதியிலேயே நின்றுவிடும். ஓரத்தைச் சுற்றி ஓடும் பர்ஃப்ளிங் கோடு மூன்று அடுக்கு மரப்பட்டையைப் பதித்ததா, இரண்டு கறுப்புக் கோடு வரைந்ததா என்று நகக்கண்ணால் தடவிப் பார்த்தாலே தெரியும். பதித்த பட்டை விரிசல் ஓரத்திலிருந்து உள்ளே போகாமல் தடுக்கும். வரைந்த கோடு எதையும் தடுக்காது.

பழமையை வரவழைக்கவும் அங்கே தனிக் கை இருந்தது. நடுவில் பொன்னிறம், ஓரத்தில் கருஞ்சிவப்பு என்று வார்னிஷில் நிழல் கட்டுவார்கள். தோள்பட்டை படும் இடத்தைத் தேய்த்து விடுவார்கள். கழுத்து ஒட்டுக்கூட நடிப்புதான். 1800க்கு முன் செய்த நல்ல வயலின்களில் பெரும்பாலானவற்றுக்குப் பிற்காலத்தில் நீளமான புதுக் கழுத்தைப் பழைய சுருள் தலையோடு ஒட்டினார்கள். அந்த ஒட்டு தந்தியை முறுக்கும் பிரடைகள் இருக்கும் பெட்டியின் இரு பக்கமும் கோடாகத் தெரியும். சாக்சனியில் அந்தக் கோட்டை மட்டும் கீறி வைத்தார்கள். கோட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மர ரேகை மாறினால், பெட்டியின் உள்ளேயும் இணைப்பு தெரிந்தால் மட்டுமே அது அசல் ஒட்டு.

இனி பழுதுகள். விலையை எது எவ்வளவு குறைக்கும் என்று தெரியாவிட்டால் வீண் செலவு. அடிப்பலகையில் சவுண்ட் போஸ்ட் நிற்கும் இடத்தில் நீளவாக்கில் விரிசல் இருந்தால், இந்த ரக வயலினைத் தொடாமல் வைத்துவிடுங்கள். தந்திகளின் அழுத்தத்தில் பெரும் பகுதி போஸ்ட் வழியாக அங்கே இறங்குகிறது. ஒழுங்காகச் சரிசெய்ய உட்புறத்தில் குழித்து ஒட்டுப்பலகை பதிக்க வேண்டும். விலை உயர்ந்த வயலினுக்கே அந்த விரிசல் மதிப்பைப் பெரிதும் குறைக்கும். மேல் பலகையில் அதே இடத்து விரிசல் கொஞ்சம் பரவாயில்லை. கழுத்தின் அடியில் அடிப்பலகையிலிருந்து நீளும் அரைவட்ட நாக்கு, அதாவது பட்டன், உடைந்திருந்தால் அதுவும் பெரும் பழுது. முதல் தந்தி, இரண்டாம் தந்தியின் பிரடைத் துளைகளைச் சுற்றிப் பெட்டியில் விரிசல் விழுவது சகஜம்.

டெயில்பீஸ் அடியில், கருங்காலித் தாங்கியின் இரு முனையிலிருந்தும் மேல் பலகைக்குள் ஓடும் சிறு விரிசல்களுக்குக் காரணம் எளிது. ஸ்ப்ரூஸ் குறுக்கே சுருங்குகிறது, இறுக்கமாகப் பொருத்திய கருங்காலி இடம் கொடுப்பதில்லை. தாங்கியின் இரு பக்கமும் துளி இடைவெளி விட்டிருந்தால் இந்த விரிசல் வந்திருக்காது. விலை பேசும்போது இதைச் சொல்லிக் குறைக்கலாம், ஆனால் பயப்பட ஒன்றுமில்லை. பலகையின் ஓரத்துக்கு வெளியே பக்கப் பட்டை துருத்தி நிற்பதும் அதே சுருக்கத்தால்தான். ஓரம் முழுக்க விரல் மடக்கித் தட்டிப் பாருங்கள். இணைப்பு விட்ட இடத்தில் சலசலப்போ கனமற்ற ஓசையோ கேட்கும். அது பழுதே அல்ல. வஜ்ஜிரம் விட்டுக்கொடுத்ததால் பலகை பிளக்காமல் தப்பித்தது.

கவலைப்பட வேண்டியது வெள்ளைத் தச்சுப் பசையும் எபாக்ஸியும் பூசிய ஒட்டு. வஜ்ஜிரத்தை ஈரமும் சூடும் கொடுத்துத் திறக்கலாம். இவற்றைத் திறக்கப் போனால் மரம் சேர்ந்து பிய்யும். விரிசலின் ஓரத்தில் பளபளப்பான பிசின் கோடு தெரிந்தால் அந்த வயலின் மலிவாக இருப்பதற்கு அதுவே காரணம். புழு அரித்ததா என்றும் பாருங்கள். சுருள் தலையிலும் ஓரங்களிலும் குண்டூசித் துளை, உள்ளே தட்டினால் விழும் மாவு, இரண்டும் இருந்தால் வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள், மற்ற மரச் சாமானுக்கும் பரவும்.

அளவுகளை விட்டுவிடாதீர்கள். உடல் நீளம் 355 மி.மீ. அளவில் இருக்க வேண்டும். கழுத்தின் தலைப்பக்கம் தந்திகள் ஏறும் சிறு கட்டையான நட்டிலிருந்து மேல் பலகை ஓரம் வரை கழுத்து 130, அந்த ஓரத்திலிருந்து குதிரை நிற்கும் இடம் வரை 195, அதாவது 2:3 விகிதம். தந்தியின் நீளம் 325 முதல் 328. இந்த விகிதம் தப்பியிருந்தால் வேறொரு வயலினில் பழகிய விரல் இதில் சுருதி தவறும். ஃபிங்கர் போர்டின் மேற்பரப்பை நேர்கோட்டில் நீட்டினால் குதிரையில் சுமார் 27 மி.மீ. உயரத்தில் தொட வேண்டும். பழைய வயலின்களில் கழுத்து இறங்கி 23, 24 என்று வந்திருக்கும். அப்போது குதிரையைக் குட்டையாக்கி ஒப்பேற்றுவார்கள், நாதத்தில் வீச்சு போய்விடும். கழுத்தைக் கழற்றி மறுபடி பொருத்துவதே சரியான வைத்தியம். வாங்கும் முன்பே அந்தக் கூலியை விலையில் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

கர்நாடக சங்கீதத்துக்கு வயலின் வந்த கதையில் பாலுஸ்வாமி தீட்சிதர், தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலு என்ற இரு பெயரும் முக்கியமானவை. நம் வாசிப்புக்கு இந்த ரகம் பொருந்துமா என்பது தனிக் கேள்வி. மேற்கத்திய சுருதியைவிட இறக்கிச் சேர்ப்பது நம் வழக்கம், ஆகவே தந்தியின் இழுவிசை குறைகிறது. தடித்த மேல் பலகை அந்தக் குறைந்த விசைக்கு அசையாது. கடையில் மேற்கத்திய சுருதியில் கணீரென்று ஒலித்த வயலின், ஒன்றரைக் கட்டைக்கு இறக்கியதும் வாடிப்போவது இதனால்தான். சோதிக்கும்போது நீங்கள் வாசிக்கும் சுருதிக்கே இறக்கி, மந்திர ஸ்தாயியில் நீண்ட வில் போட்டுக் கேளுங்கள். ஃபிங்கர் போர்டு மெய்யான கருங்காலியா என்று பார்ப்பதும் அவசியம். மலிவு வயலினில் மேப்பிளுக்குக் கறுப்புச் சாயம் ஏற்றியிருப்பார்கள். ஜாருவும் கமகமும் ஓயாமல் ஓடும் வாசிப்பில் சாயம் தேய்ந்து, தந்திக்கு அடியில் பள்ளம் விழும், ஸ்வரம் கரகரக்கும். ஓரத்தையும் அடிப்பக்கத்தையும் பாருங்கள், வெளிர் மரம் எட்டிப் பார்த்தால் சாயம்தான். புதிய கருங்காலி போடுவது செய்யத்தக்க செலவு.

விலைக்கு வருவோம். மேற்கு நாட்டு ஏலங்களில், பழுது பார்க்காத சாதாரண சாக்சனி வயலின் சில நூறு டாலருக்குப் போகிறது. மூலைக் கட்டையும் தனி பாரும் கொண்டு, பழுது நீக்கி, வாசிக்கத் தயாராகக் கடையில் வைத்திருப்பதற்கு 1,000 முதல் 3,000 டாலர் வரை கேட்கிறார்கள். அந்த ஊரிலேயே உயர்ந்த வேலையும் நடந்தது. எர்ன்ஸ்ட் ஹைன்ரிஷ் ரோத் 1920களில் செய்த வயலின்கள் அதற்குச் சான்று. உள்ளே சுட்ட முத்திரையும் வரிசை எண்ணும் இருக்கும், விலையும் பல மடங்கு. ஒன்று கிடைத்தால் ஸ்ட்ராடிவாரி சீட்டு உள்ள பத்தை விட்டுவிட்டு இதை எடுங்கள்.

அசல் ஸ்ட்ராடிவாரியின் விலை வேறு உலகம். 1721இல் அவர் செய்த ‘லேடி பிளன்ட்’, ஜப்பான் நிலநடுக்க நிவாரணத்துக்காக 2011இல் ஏலம் போனபோது 98 லட்சம் பவுண்டுக்கு விற்றது. 1971இல் அதே வயலின் 84,000 பவுண்டுக்குப் போயிருந்தது. இந்த விலையில் நாதத்தின் பங்கு என்ன என்பதை ஆராய்ச்சியாளர் கிளோடியா ஃபிரிட்ஸும் வயலின் செய்பவரான ஜோசஃப் கர்ட்டினும் சோதித்தார்கள். 2010இல் இண்டியானாபொலிஸில் 21 கலைஞர்களுக்கு, எது எதுவென்று தெரியாதபடி, மூன்று புதிய வயலினும் மூன்று பழைய இத்தாலிய வயலினும் கொடுத்தார்கள். அதிகம் பேர் விரும்பியது ஒரு புதிய வயலினை, குறைவாக விரும்பப்பட்டது ஒரு ஸ்ட்ராடிவாரி. கோடிகளைக் கொடுப்பவர் அபூர்வத்துக்கும், யார் கையிலிருந்து யார் கைக்கு வந்தது என்ற வரலாற்றுக்கும் கொடுக்கிறார். சாக்சனி வயலினுக்கு அந்த இரண்டும் கிடையாது, ஆகவே காது ஒப்புக்கொள்ளும் நாதத்துக்கு மேல் ஒரு ரூபாயும் கூடக் கொடுக்கத் தேவையில்லை.

சான்றிதழைக் காட்டினால் யார் கொடுத்தது என்று பாருங்கள். லண்டன் ஹில், நியூயார்க் வூர்லிட்சர், ஸ்டுட்கார்ட் ஹம்மா போன்ற பழைய நிறுவனங்களின் காகிதத்துக்கு மதிப்பு உண்டு, அதில் உள்ள படமும் கையிலிருக்கும் வயலினும் ரேகைக்கு ரேகை பொருந்தினால். காப்பீட்டுக்காக எழுதிய மதிப்பீட்டுத் தாள் சான்றிதழ் ஆகாது. மேல் பலகையின் ஆண்டு வளையங்களை அளக்கும் டெண்ட்ரோகிரோனாலஜி சோதனையும் இருக்கிறது. கடைசி வளையம் 1868 என்று வந்தால் 1721 பொய் என்று அங்கேயே முடிந்துவிடும். 1705 என்று வந்தால், அதற்கு முன் செய்திருக்க முடியாது என்பது மட்டுமே நிச்சயம். செய்தவர் யார் என்று மரம் சொல்லாது. சில நூறு டாலர் வயலினுக்கு இந்தச் சோதனைக்குச் செலவழிக்காதீர்கள்.

பெட்டியோடு வரும் வில்லை ஓரமாகப் போடாமல் எடுத்துப் பாருங்கள். சாதாரண வயலினோடு நல்ல ஜெர்மன் வில் கிடப்பதுண்டு, சில சமயம் வயலினைவிட வில்லுக்கு விலை அதிகம். கையால் பிடிக்கும் அடிக்கட்டையின் மேலே குச்சியில் சுட்ட முத்திரை இருக்கிறதா, முனை உடைந்து ஒட்டியதா, வளைவு நேராக இருக்கிறதா என்று ஒரு கண்ணை மூடிப் பாருங்கள். குச்சி பிரேசில் மரமான பெர்னாம்புகோ என்றால், அந்த மரம் 2007 முதல், அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் பட்டியலில் இருக்கிறது. அடிக்கட்டையில் யானைத் தந்தமோ ஆமை ஓடோ இருந்தால் சுங்கத்தில் கெடுபிடி இன்னும் அதிகம். வெளிநாட்டிலிருந்து தருவிப்பதானால், குச்சி, முனைத் தகடு, அடிக்கட்டை மூன்றும் எந்தப் பொருள் என்று ரசீதில் எழுதி வாங்கிக்கொண்டு பணத்தைக் கொடுங்கள்.